கிண்ணம் இடம் மாறிய நாள்

தேவகி அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஆனால் பையைத் திறக்கவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உம்மு ஹானி இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தேவகி அழுதுவிடுவாள் என்று தோன்றியது. இருவரும் ஆறாம் வகுப்பு. ஹானியின் வீடு பழவேற்காட்டுக் கடைத்தெருவில். தேவகியின் வீடு கோட்டைக்குப்பத்தில், மீனவர் குடிசைகள் நடுவே.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேவகி தானாகவே பேசினாள்.

"நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன்."

ஹானி காத்திருந்தாள்.

"நைனா பேர சீட்டுலேர்ந்து எடுக்கப் போறாங்க. எடுத்துட்டா நாங்க எளாவூருக்கு, மாமா வீட்டுக்குப் போயிடுவோம். அங்க செங்கல் சூளையில வேலை இருக்குதாம்."

பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் சுற்றியுள்ள குப்பங்கள் ஒன்றுகூடி, யாருக்கு எந்தப் பாடு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எல்லையைத் தாண்டி அடுத்தவர் பாட்டுக்குள் வலை கட்டினால், அந்த இறால் பருவம் முழுவதும் அவர் பெயர் சீட்டில் இருக்காது.

தேவகியின் நைனா சின்னதம்பி முந்தாநாள் வலை கட்டினார். நேற்றுக் காலையில் பார்த்தபோது அவருடைய வலைக்கம்புகள் பக்கத்துப் பாட்டுக்குள் வெகுதூரம் தள்ளி நின்றன. அந்தப் பாடு தோணிரேவுக் குப்பத்துத் துளசிங்கத்துக்கு விழுந்தது. ஊர்க்காரர்கள் வலையை அவிழ்த்துவிட்டு, கம்புகளை மட்டும் சாட்சிக்காக அப்படியே விட்டுவைத்தார்கள். இன்று சாயங்காலம் கூட்டம். கூட்டம் முடிந்த கையோடு அடுத்த சீட்டு.

"தாண்டலன்னு உங்க நைனா சொன்னாரா?" என்று ஹானி மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணுமே சொல்லல. கரையில உக்காந்துக்கினு ஒரு கண்ண மூடிக்கினு பள்ளிவாசல் மினாரப் பாக்குறாரு. அப்புறம் இன்னொரு கண்ண மூடிக்கினு பாக்குறாரு. காலையில எங்கம்மாகிட்ட சொன்னாரு, என் கண்ணு போயிடுச்சி போல இருக்குதுன்னு."

"மினார மட்டும் பாத்தா எல்லை தெரியுமா?"

"அதுக்கு முன்னாடி இன்னொண்ணு வேணும். முன்னெல்லாம் பனைமரம். அதுதான் போன புயல்ல விழுந்துச்சே. இப்போ உங்க வீட்டுக் கிண்ணம்."

ஹானி கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அந்தக் கிண்ணம் பழவேற்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த கிண்ணம்.

ஹானியின் வாப்பா கௌஸ் மைதீன் வீட்டின் முன்பக்கத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் மூங்கிலைப் பிளந்து வளைத்து, கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியை அதன்மேல் கட்டி, இரண்டு பேர் படுத்து உருளலாம் போல ஒரு கிண்ணம் செய்தார். பழைய கட்டில் சட்டத்தின் மேல் அதைப் பொருத்தி, மொட்டை மாடியின் கிழக்கு மூலையில், தென்கிழக்கு வானத்தைப் பார்த்து நிறுத்தினார். அந்தத் திசையில், கண்ணுக்கு எட்டாத உயரத்தில், ரஷ்யாக்காரர்களின் செயற்கைக்கோள் ஒன்று இருந்தது. சைபீரியாவின் பனிக்காடுகளில் இருக்கும் ஊர்களுக்குத் தொலைக்காட்சிப் படம் அனுப்புவது அதன் வேலை. அனுப்பியதில் கொஞ்சம் சிந்திச் சிதறிப் பழவேற்காட்டிலும் விழுந்தது. 1984ஆம் வருஷம் அது. சென்னைத் தொலைக்காட்சி சாயங்காலம்தான் கண் விழிக்கும். கௌஸ் மைதீன் கடையிலோ பட்டப்பகலில் படம் ஓடியது.

அந்தச் செயற்கைக்கோள் நிலாவைப் போல எழுவதும் இல்லை, மறைவதும் இல்லை. பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றி வந்ததால், கீழே இருப்பவர்களுக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத்தான். ஏரிக்காரர்களுக்கு இதைச் சொன்னபோது உடனே புரிந்துவிட்டது. மேலேயும் பாடு பிரிச்சிருக்காங்க, ரஷ்யாக்காரன் சீட்டுக்கு அந்த இடம் விழுந்திருக்குது என்றார் ஒருவர். கௌஸ் மைதீன் சிரித்தார். அது அசையாது, அதனால் என் கிண்ணமும் அசையக்கூடாது என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தண்ணீரில் கோடு போட முடியாது. ஆகவே கரையில் அசையாத பொருள் எது என்று தேடுவதே ஏரிக்காரர்களின் பழக்கம். பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று இரண்டைப் பிடித்துக்கொள்வார்கள். படகிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே நேராக வந்தால் அதுதான் எல்லை. சின்னதம்பியும் துளசிங்கமும் பேசி ஒத்துக்கொண்டார்கள். பின்னால் பள்ளிவாசல் மினார், முன்னால் வெள்ளையாய்த் தெரியும் கிண்ணம்.

இதை அவர்கள் கௌஸ் மைதீனிடம் சொல்லவில்லை. பனைமரத்திடம் யாராவது போய்ச் சொல்வார்களா?

அவருக்கோ புதிதாக ஓர் ஆசை வந்திருந்தது. நம் நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று தென்மேற்கு வானத்தில் நிற்கிறதாம், அது கிடைக்கிறதா பார்க்கலாம் என்றார். கிழக்கு மூலையிலிருந்து பார்த்தால் அந்தத் திசையை வேப்பமரம் மறைத்தது. எனவே விடுமுறை நாளான முந்தாநாள் மதியம் வாப்பா, உம்மா கரீமா, ஹானி மூன்று பேரும் கட்டில் சட்டத்தைத் தூக்கி, கிண்ணத்தை மேற்கு மூலைக்குக் கொண்டுபோய்த் தென்மேற்கே திருப்பினார்கள். பொழுது சாயும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. திரையில் எறும்பு ஊர்வது போல வெறும் புள்ளிகள். களைத்துப்போய்க் கிண்ணத்தைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் வாப்பா ஏதோ சாமான் வாங்கச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார். நாளைக்குத்தான் வருவார்.

முந்தாநாள் மதியம்தான் சின்னதம்பி வலை கட்டினார்.

ஹானி சோற்றுத் தூக்கை மூடினாள். கிண்ணத்தை நகர்த்தியதைத் தேவகியிடம் சொல்லி, உடனே அவள் நைனாவிடம் போக வேண்டும் என்றாள்.

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போகலாமா என்று தேவகி கேட்டாள். ஹானி காந்தா டீச்சரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். டீச்சர் சன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். பிறகு, ஓடாமல் நடந்து போங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் ஓடினார்கள்.

சின்னதம்பி படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஹானி மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் மினாரைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். ஒரு நண்டு அவர் காலருகே வந்து நின்று யோசித்துவிட்டு வளைக்குள் போனது.

"அப்போ என் கண்ணு நல்லாதான் இருக்குதா, கண்ணு?"

"நல்லாதான் இருக்குது மாமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று.

பிறகு தலையை ஆட்டினார். கௌஸ் பாய் ஊரில் இருந்தால் சரி, சின்னப் பெண் சொன்னால் யார் நம்புவார்கள் என்றார். சிநேகிதிக்காகச் சொல்கிறாள் என்பார்கள். கரீமா சொன்னாலும் அதே பேச்சுத்தான். வலை கட்டும்போது பக்கத்துப் பாட்டுக்காரர் தன் படகில் வந்து எல்லையில் நிற்பது வழக்கம். துளசிங்கம் வந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஐஸ் வாங்கப் போய்விட்டேன், அதனால் வரமுடியவில்லை என்று அவர் ஊரில் சொல்லியிருந்தார்.

"அன்னிக்குக் கடையில வேற யார்னா இருந்தாங்களா?" என்று சின்னதம்பி கேட்டார்.

ஹானி மணலைப் பார்த்தாள்.

ஒருவர் இருந்தார். ஒரே ஒருவர்.

பெரிய மீசையும் அதைவிடப் பெரிய குரலும் உள்ள துளசிங்கம் வாரத்தில் மூன்று நாள் கடைக்கு வருவார். கையில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். அதில் கோளாறு என்பார். அதில் ஒரு கோளாறும் இல்லை என்று கௌஸ் மைதீனுக்குத் தெரியும். வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, போகும்போது திருப்பிக் கொடுப்பார். நடுவில் துளசிங்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் உட்கார்ந்து ரஷ்யாக்காரர்கள் பனிக்கட்டித் தரையில் வழுக்கிக்கொண்டே கம்பால் அடித்து ஆடும் ஆட்டத்தைப் பார்ப்பார். அந்த ஐஸ் மட்டும் நம் இறால் கூடைக்குக் கிடைத்தால் ஒரு வருஷத்துக்குத் தாங்கும், அதன்மேல் ஓடி வீணாக்குகிறார்களே என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அவருக்குப் பிடித்த கறுப்புச் சட்டைக்காரர்கள் தோற்றுவிட்டால் அன்று டிரான்சிஸ்டரை மறந்துவிட்டுப் போய்விடுவார்.

முந்தாநாள் இறால் ஏறிய நாள். எல்லோரும் ஏரியில் இருந்தார்கள். துளசிங்கம் மட்டும் கடையில் உட்கார்ந்து, எறும்பு ஊரும் திரையை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்து போனார்.

இதைக் கூட்டத்தில் சொன்னால் போதும். ஆனால் ஹானி அதை நினைத்தபோதே அவளுக்கு அந்த மனிதரின் முகம் தெரிந்தது. பாட்டு எல்லையில் நிற்க வேண்டிய நேரத்தில் விளையாட்டுப் பார்க்கப் போனவர், அதை மறைத்துப் பொய்யும் சொன்னவர் என்று இரண்டு ஊரும் சிரிக்கும். சிரிப்பு வந்தவுடன் அவருக்குக் கோபம் வரும். நான் வரவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு யார் என்ன செய்ய முடியும்?

கூட்டம் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், வலை காய்கிற மணலில் கூடியிருந்தது. பாட்டுக் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. தேவகியின் அம்மா இருசம்மாள் கோயில் சுவர் ஓரமாக, மற்றப் பெண்களோடு நின்றாள். தேவகி போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஹானி பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஊர்த்தலைவர் மூர்த்தி சின்னதம்பியிடம் கடைசியாக ஒரு முறை கேட்டார். கண்ணால் பார்த்துத்தான் கட்டினேன், கிண்ணம் அன்று வேறு இடத்தில் இருந்ததாம், பாய் வீட்டுப் பெண் சொல்கிறது என்றார் சின்னதம்பி. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த ரஷ்யாக் கோள் அசையாது, கிண்ணமும் அசையாது என்று பாய்தானே நம்மிடம் சொன்னார் என்று யாரோ சொன்னார். துளசிங்கம் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சரி, அப்போ பேர எடுத்துட வேண்டியதுதான்" என்றார் மூர்த்தி.

ஹானி சுவரை விட்டு நகர்ந்தாள். மணல் அவள் காலைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. நடுவில் வந்து நின்ற பிறகுதான், எத்தனை ஆண்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

"இன்னாம்மா?" என்றார் மூர்த்தி. கோபமாக இல்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

"எங்க கிண்ணம் முந்தாநாள் மதியம் மேற்கு மூலையில இருந்துச்சி. நானும்தான் தூக்கி வெச்சேன். நான் சொல்றத நம்ப வேணாம்."

கூட்டம் அடங்கியது. நம்ப வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்த சாட்சியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

"கிண்ணம் அந்த மூலைக்குப் போயி வேற பக்கம் திரும்பினா ரஷ்யாப் படம் வராது. எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும். அன்னிக்குப் படம் வந்திருந்தா நான் சொல்றது பொய்யி. வரலன்னா நெசம். கடைக்கு வந்து பார்த்தவங்களுக்கு அது தெரியும்."

"யாரு வந்தாங்க?"

ஹானிக்கு வலப்பக்கம், நாலு ஆள் தள்ளி, துளசிங்கம் உட்கார்ந்திருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பிவிடக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"யாருன்னு நான் சொல்லமாட்டேன். அவங்களுக்கு சொல்லணும்னு தோணிச்சின்னா சொல்லட்டும்."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

காற்று காய்ந்த வலைகளை உப்ப வைத்து, மறுபடி விட்டது. தூரத்தில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. மூர்த்தி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை நகர்த்தினார். ஹானி தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவகி எளாவூருக்குப் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்றும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

யாரோ தொண்டையைச் செருமினார்.

"படம் வரல" என்றார் துளசிங்கம்.

எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் எழுந்து நின்றார். அந்தப் பெரிய குரல் எங்கோ போயிருந்தது.

"நான்தான் போயிருந்தேன். எம்மா நேரம் பார்த்தாலும் எறும்புதான் ஓடிச்சி. இந்தப் பொண்ணு சொல்றது நெசம்."

"ஐஸ் வாங்கப் போனேன்னு சொன்னியேப்பா" என்றார் மூர்த்தி.

துளசிங்கம் மீசையைத் தடவினார்.

"ஐஸுக்குத்தான் போனேன். வாங்கறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு."

முதலில் சிரித்தவர் சின்னதம்பிதான். இரண்டு நாளாகப் பூட்டிக்கிடந்த சிரிப்பு அது. பிறகு கூட்டமே சிரித்தது. துளசிங்கமும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்.

ஆனால் மூர்த்தி லேசில் விடுகிறவர் அல்ல. படம் வரவில்லை என்பது சரி, அதனால்தான் வலை அவ்வளவு தூரம் போனது என்று எப்படி நம்புவது என்று கேட்டார். வெளிச்சம் இருக்கும்போதே கிண்ணத்தை மறுபடியும் மேற்கு மூலையில் வையுங்கள், மினாரும் கிண்ணமும் எங்கே நேராக வருகின்றன என்று ஏரியில் போய்ப் பார்த்துவிடலாம் என்றார்.

மூர்த்தியும் சின்னதம்பியும் துளசிங்கமும் ஒரே படகில் ஏறினார்கள். ஹானியும் தேவகியும் இருசம்மாளும் கடைத்தெருவுக்கு ஓடினார்கள்.

கரீமா கதையைக் கேட்டு முடிக்கும் முன்பே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டாள். நான்கு பேரும் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். மூங்கில் கிறீச்சிட்டது. முன்பு கட்டில் கால்கள் அழுத்திய தடம் மேற்கு மூலையில் இன்னும் மங்கலாக இருந்தது. அதிலேயே இறக்கினார்கள்.

பிறகு காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேலை இல்லை.

ஏரிக்குள் படகு கறுப்பாக, சின்னதாகத் தெரிந்தது. அதற்கு மேற்கே வெகுதூரத்தில் சின்னதம்பியின் வலைக்கம்புகள் தண்ணீருக்கு மேல் குத்திட்டு நின்றன. மூர்த்தி படகின் முனையில் நின்று மாடியைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பழைய எல்லையில் படகு தயங்கியது. அங்கேயே நின்றுவிட்டால் எல்லாம் போயிற்று.

படகு நிற்கவில்லை. கழியால் தள்ளித் தள்ளி மேற்கே நகர்ந்தது. இருசம்மாள் வாய்க்குள் அம்மனைக் கூப்பிட்டாள். கரீமாவின் உதடுகளும் அசைந்தன. தேவகி ஹானியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. ஹானி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கிட்டத்தில் இருக்கும் அடையாளம் நாலு எட்டு நகர்ந்தால், ஏரிக்குள்ளே கோடு எவ்வளவு தூரம் நகரும் என்று ஹானி அன்றுதான் கண்ணால் பார்த்தாள். படகு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஓர் இடத்தில் நின்றது. முனையில் நின்ற மூர்த்தி கையை நீட்டி எதையோ பிடித்தார்.

அவர் பிடித்தது சின்னதம்பியின் வலைக்கம்பு.

மாடியில் இருசம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரீமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஏரியில் துளசிங்கம் வலைக்கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சின்னதம்பியின் கையில் கொடுப்பது தெரிந்தது.

அன்று விளக்கு வைக்கும் முன் குலுக்கிய சீட்டில் சின்னதம்பியின் பெயரும் இருந்தது.

மறுநாள் காலையில் ஹானியும் தேவகியும் கரையோரமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மினாருக்கு நேர் முன்னால், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சின்னதம்பியும் துளசிங்கமும் ஒரு சவுக்குக் கம்பத்தை நட்டுக்கொண்டிருந்தார்கள். இனி எல்லைக்கு அதுதான் அடையாளம். கம்பம் உன் பக்கம் சாய்கிறது என்று ஒருவரும், இல்லை உன் பக்கம்தான் சாய்கிறது என்று இன்னொருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். துளசிங்கத்தின் குரல் பழையபடி ஊருக்கே கேட்டது.

"ஏ பாப்பா, நீயே சொல்லு. நேரா கீதா, கோணலா கீதா?" என்று அவர் கூப்பிட்டார்.

ஹானி தேவகியைப் பார்த்தாள். தேவகி பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இப்படி நைனா" என்று கையைக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம். ஆங், போதும்."

இரண்டு பெரியவர்களும் மறுபேச்சு இல்லாமல் கம்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூட மணி அடித்தது. தேவகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹானிக்கு முன்னால் ஓடினாள்.